வருகை ஏடு யார் வசம்?

கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு மூலதனம் எவ்வளவு இன்றியமையாததோ, ஒழுங்கான ஏடுகளும் அவ்வளவு இன்றியமையாதவை. அங்கத்தினர் பதிவேடும், ரொக்கப் புத்தகமும், நடவடிக்கைக் குறிப்பேடும் திருத்தமாக இருக்கும் சங்கத்தில் ஐயம் எழுந்தாலும் அரை நாழிகையில் தீர்ந்துவிடும். அவை சீர்கெட்ட சங்கத்திலோ சிறு ஐயமும் கட்சியாக வளர்ந்து, கட்சி வழக்காக முற்றி, ஈற்றில் சங்கத்தையே தின்றுவிடும். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில், நெசவாளிகள் உள்ளிட்ட 28 தொழிலாளர் கூடிக் கடை திறந்த நாள் முதல், பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே நம் இயக்கத்தின் ஆணிவேராக இருந்து வருகிறது. 1904-ஆம் ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் விவசாயிகளின் நாணயச் சங்கம் தோன்றியபோது நம் நாட்டிலும் அந்த வேர் ஊன்றியது. ஆனால், ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க வேண்டுமாயின், அந்த ஒருவர் கூட்டத்துக்கு வந்தாரா, எப்போது வந்தார், தீர்மானம் நிறைவேறும் வரையில் இருந்தாரா என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டும் பதிவு ஒன்று சங்கத்தின் கையில் இருந்தாக வேண்டும்.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிய காலம் முதல், இணையத்தின் வழியாகக் கூடும் பழக்கம் நம் ஸ்தாபனங்களிடையேயும் பரவியிருக்கிறது. நிர்வாகக் குழுவினரின் ஆலோசனைகள், பயிற்சி வகுப்புகள், பிற சங்கங்களோடு நடத்தும் கலந்துரையாடல்கள் ஆகியவை ஜூம், கூகுள் மீட் முதலிய சாதனங்களின் வழியே நடைபெறுகின்றன. இதனால் விளையும் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நெசவாளி ஒருவர் நகரத்துக்குச் சென்று திரும்பினால் ஒரு நாள் தறி நிற்கும். அறுவடைக் காலத்தில் விவசாயி ஊரைவிட்டு நகர்வதே அரிது. அத்தகையோர் இருந்த இடத்திலிருந்தே பேச முடிவது பெரும் சௌகரியம்தான். ஆயினும் ஒரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்திருக்கிறது. முன்பு வருகை ஏடு சங்கத்தின் மேசைமீது இருந்தது, வந்தவர் கையொப்பமிட்டார், கூட்டம் முடிந்ததும் அது சங்கத்தின் பீரோவுக்குள் சென்றது. இணையக் கூட்டத்திலோ, யார் எப்போது நுழைந்தார், எப்போது விலகினார் என்பதை எழுதுவது அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் யந்திரம். எழுதப்படுவது அந்நிறுவனத்தின் ஏட்டில். கூட்டம் நம்முடையது, ஏடு மட்டும் வேறொருவர் வசம்!

அந்த ஏட்டைக் கூட்டம் முடிந்த அன்றே சங்கத்தின் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையால் பார்த்து எழுதாமல், முன்கூட்டி எழுதி வைத்து அனைவரும் பார்வையிட்ட கட்டளைகளைக் கொண்டே விரிதாளாக மாற்ற வேண்டும். இதுவே நம் அபிப்பிராயம். இது கணினி வல்லுநர்களுக்கு உரிய விஷயம், அங்கத்தினர்களுக்கு இதில் என்ன வேலை என்று எண்ணிவிடலாகாது. தராசை யார் பிடிக்கிறார் என்று விவசாயி கவனிக்காமல் இருப்பதுண்டா? இதுவும் அத்தகையதே.

காலவரையறை

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது, அந்நிறுவனங்கள் நம் ஏட்டை நெடுங்காலம் வைத்திருப்பதில்லை என்பதாகும். கூகுள் மீட் சாதனத்தின் கூட்டப் பதிவுகளைக் கணினி நிரல் வழியாகக் கேட்டுப் பெறலாம்; ஆனால், கூட்டம் முடிந்து 30 நாட்கள் சென்றபின் அப்பதிவுகள் அழிக்கப்பட்டுவிடுகின்றன. ஜூம் நிறுவனம் தன் அறிக்கைகளை ஓராண்டுக்கு மேல் பின்னோக்கித் தருவதில்லை. நம் சங்கங்களின் கணக்காண்டு மார்ச்சு மாதத்தோடு முடிகிறது. தணிக்கையாளர் வருவதோ அதற்குப் பிறகு. சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்த கூட்டத்தில் கோரம் இருந்ததா என்று அவர் கேட்கும்போது, நிறுவனத்தின் ஏட்டில் அந்தப் பக்கமே இராது. தகராறு எழுந்தபின் சாட்சியம் தேடுவது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுவதற்கு ஒப்பாகும்.

கம்பெனிகளின் விஷயத்தில் சர்க்கார் இதை உணர்ந்தே நடந்துகொண்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வெளியான சுற்றறிக்கைகள் காணொலி வழியாகப் பொதுக்கூட்டம் நடத்த அனுமதித்தபோது, கூட்டத்தின் பதிவைப் பத்திரமாகக் காத்து வைக்க வேண்டும் என்றும் விதித்தன. அதற்கு முன்னரே, 2014-ஆம் ஆண்டின் விதிகளில், காணொலி வழியே கூடும் டைரக்டர்களைத் தலைவர் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவரும் தம் பெயரையும் இருக்கும் இடத்தையும் கூற வேண்டும் என்ற ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நம் சங்கங்களுக்கு உரிய சட்டம் வேறு. அச்சட்டமும் உபவிதிகளும் இடம் தருகிற அளவிலேயே நாம் இணையக் கூட்டங்களை நடத்த இயலும். ஆயினும், லாபத்துக்காகக் கூடும் கம்பெனிக்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமென்றால், நம்பிக்கையை மூலதனமாகக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்கு எத்துணை வேண்டும்!

இன்றைய நடைமுறைகள்

இப்போது சங்கங்களில் மூன்று விதமான பழக்கங்கள் காணப்படுகின்றன. திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது ஒன்று. ஜூம் சாதனத்தின் திரையில் ஒரே சமயத்தில் 25 முகங்களோ, மிகுந்தால் 49 முகங்களோதான் தெரியும். அந்த ஒரு கணத்தில் யார் யார் தெரிந்தார்கள் என்பதற்கு மட்டுமே அந்தப் படம் சாட்சி. இரண்டாவது பழக்கம், திரையில் தெரியும் பெயர்களைக் குமாஸ்தா பார்த்து எழுதுவது. எழுதிக்கொண்டிருக்கும்போதே சிலர் விலகுவர், சிலர் நுழைவர். அவர் எழுதியதற்கு எதிர்ச்சாட்சியும் இல்லை, ஆதாரமும் இல்லை.

மூன்றாவது பழக்கம், நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி அறிக்கைக் கோப்பை இறக்கிக்கொள்வது. இது முதலிரண்டையும்விட மேலானது. இதையும் செய்யாத சங்கம் இன்றே இதைத் தொடங்குவது நன்று. ஆனால், குறை அதற்குப் பின்னால் நிகழ்வதில் இருக்கிறது. இறக்கிய கோப்பைத் திறந்து, வேண்டாத வரிகளை நீக்கி, இருமுறை வந்த பெயர்களை ஒன்றாக்கி, அங்கத்தினர் எண்ணைச் சேர்த்து, நிமிடங்களைக் கூட்டித் தலைவரிடம் கொடுக்கிறார்கள். எந்த வரி நீக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது என்பதற்கு யாதொரு சுவடும் இல்லை. ஒரே கோப்பை இரண்டு குமாஸ்தாக்களிடம் கொடுத்தால் இரண்டு விதமான தாள்கள் வரும். இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால், நேர்மையை மெய்ப்பித்துக் காட்ட முடியாதபோது ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கட்டளைகளால் நெய்யும் தாள்

சுட்டியால் பொத்தான்களை அழுத்துவதற்குப் பதிலாக, வேண்டிய செயல்களை எழுத்திலேயே கட்டளைகளாகக் கணினிக்குக் கொடுப்பது கட்டளை வரி முறை எனப்படும். அக்கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒரே ஏவலில் நடத்திக்கொள்வதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். கட்டளைத் தொகுப்பு என்று நாம் சொல்லலாம். நம் நெசவாளிகளுக்கு இது புதிதன்று. 1804-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு தந்த தறியில், துளையிட்ட அட்டைகளின் வரிசையே பூவையும் கொடியையும் தீர்மானிக்கிறது. அட்டையில் உள்ளபடி இழை எழும்பும். இன்று நெய்தாலும் மறுமாதம் நெய்தாலும், இவர் நெய்தாலும் அவர் நெய்தாலும், கரையில் அதே பூ விழும். அட்டையில் துளை ஒன்று தவறியிருந்தால் தவறு எல்லாச் சேலையிலும் ஒரே இடத்தில் தெரியும். அட்டையை எடுத்துப் பார்த்துத் திருத்தலாம். கட்டளைத் தொகுப்பின் சிறப்பும் அதுவே. அது தவறே செய்யாது என்பதில்லை; அதன் தவறு மறைந்திருக்க முடியாது என்பதே சிறப்பு.

வேலை நடக்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். ஜூம் சாதனத்தின் கட்டணக் கணக்கை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சங்கத்தின் கணினியிலுள்ள கட்டளைத் தொகுப்பு, சங்கத்துக்கென வழங்கப்பட்ட சாவியைக் காட்டி, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு ஒன்றை நிறுவனத்திடமிருந்து பெறுகிறது. அச்சீட்டைக் காட்டி, இன்ன கூட்டத்தில் கலந்துகொண்டோரின் விவரம் வேண்டும் என்று கேட்கிறது. பெயர், மின்னஞ்சல், நுழைந்த நேரம், விலகிய நேரம், இருந்த கால அளவு ஆகியவை விடையாக வருகின்றன. வந்ததை வந்தபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், மூலக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். பிறகு அம்மூலத்திலிருந்து விரிதாளை ஆக்க வேண்டும். இதற்கு வேண்டிய பைத்தான் மொழியும், தாளைத் திறந்து பார்க்க உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளும் விலையின்றிக் கிடைப்பவை.

விரிதாளில் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும் என்பது நம் யோசனை. முதல் பகுதியில் மூலத்தில் கண்ட வரிகள் அப்படியே இருக்கட்டும். இரண்டாம் பகுதியில் அங்கத்தினர்வாரியாகத் தொகுத்த வருகை இருக்கட்டும். மூன்றாம் பகுதியில் இன்னார் என்று இனம் காண முடியாதவர்கள் இடம் பெறட்டும். அறியாத பெயரை அழித்துவிடும் குமாஸ்தா உண்டு. அழிக்காமல் தனியே எடுத்து வைக்கும் கட்டளை, பிறகு விசாரித்து அறிய வழி வைக்கிறது.

இம்முறையால் பழைய கையொப்ப ஏட்டுக்கும் இல்லாத ஒரு நன்மை கிடைக்கிறது. கையொப்பம் வந்ததைக் காட்டும். எழுந்து போனதைக் காட்டாது. மாலை வரை கூட்டம் நடந்ததாகவும், கடைசித் தீர்மானம் பத்துப் பேர் முன்னிலையில் நிறைவேறியதாகவும் எழும் புகார்கள் எத்தனை! நுழைந்த நேரமும் விலகிய நேரமும் உள்ள தாளில், 11 மணி 40 நிமிடத்துக்குத் தீர்மானம் எடுத்தபோது கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தனர் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ஜனநாயகத்துக்கு இது சிறிய உதவியன்று.

கவனிக்க வேண்டிய இடங்கள்

ஆயினும் விழிப்பின்றி எழுதிய கட்டளை, விழிப்பற்ற குமாஸ்தாவைவிடக் கேடு செய்யும். ஆகவே, கட்டளைத் தொகுப்பை எழுதுவோரிடம் சங்கத்தார் கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே தருகிறோம்.

முதல் கேள்வி, எல்லாப் பக்கங்களும் வந்தனவா என்பது. ஜூம் நிறுவனம் விவரத்தைப் பக்கம் பக்கமாகவே தருகிறது. எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 30 வரிகள் வரும். மிகுதியாகக் கேட்டாலும் 300 வரிகளுக்கு மேல் ஒரு பக்கத்தில் வாரா. அடுத்த பக்கத்துக்கான அடையாளத்தைக் காட்டி மீண்டும் கேட்க வேண்டும். 412 வரிகள் உள்ள கூட்டத்தில் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டால் 112 வரிகள் காணாமற்போகும். தாளைப் பார்ப்போருக்கு அது தெரியவும் தெரியாது. மாதந்தோறும் ஒரே கூட்ட எண்ணில் கூடும் குழுக்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எண்ணைக் கொடுத்தால் கடைசியாக நடந்த கூட்டத்தின் விவரமே கிடைக்கும். முந்தியவற்றுக்குத் தனித்தனி அடையாளங்கள் உண்டு.

இரண்டாம் கேள்வி, வரிகளை எண்ணினார்களா, ஆட்களை எண்ணினார்களா என்பது. கிராமத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ஒருவர் நான்கு முறை மீண்டும் நுழைந்தால் நான்கு வரிகள் இருக்கும். கைபேசியிலும் கணினியிலும் ஒருங்கே இருந்தவருக்கு நேரம் இரட்டிப்பாகும். 10 மணி 30 நிமிடம் முதல் 11 மணி 10 நிமிடம் வரை கைபேசியிலும், 11 மணி 5 நிமிடம் முதல் 12 மணி வரை கணினியிலும் இருந்தவர் உண்மையில் இருந்தது 90 நிமிடங்கள். வெறுமே கூட்டினால் 95 ஆகும். காத்திருப்பு அறையில் நின்றவர்களின் வரிகளும் விவரத்தில் கலந்து வரும்; அவர்கள் கூட்டத்துக்குள் வந்தவர்கள் அல்லர்.

மூன்றாம் கேள்வி, நேரம் எந்த ஊர் நேரம் என்பது. விடையில் வரும் நேரம் உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. காலை 10 மணி 30 நிமிடத்துக்குத் தொடங்கிய கூட்டம் ஏட்டில் 5 மணிக்குத் தொடங்கியதாகத் தெரியும். இதை மாற்றாமல் நடவடிக்கைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டால், விடியுமுன் கூட்டம் கூடிய சங்கம் என்ற பெயர் வரும். கால அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு: நிரல் வழியே வருவது வினாடிக் கணக்கு, வலைப்பக்கத்தில் இறக்கும் கோப்பில் இருப்பது நிமிடக் கணக்கு.

நான்காம் கேள்வி, விரிதாள் நம் எழுத்தையும் எண்ணையும் சிதைக்கிறதா என்பது. காற்புள்ளியால் பிரித்த சி.எஸ்.வி. கோப்பின் தொடக்கத்தில் எழுத்துமுறையைக் குறிக்கும் அடையாளம் இல்லையாயின், எக்ஸெல் மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தோன்றக்கூடும். 0047 என்ற அங்கத்தினர் எண்ணை அது 47 ஆக்கிவிடும். 3-12 என்று எழுதினால் தேதியாக்கிவிடும். அறிஞர்களும் இதிலிருந்து தப்பவில்லை. செப்ட்-1 என்ற மனித மரபணுவின் பெயரை எக்ஸெல் செப்டம்பர் மாதத்துத் தேதியாக மாற்றிக்கொண்டேயிருந்தமையால், 2020-ஆம் ஆண்டில் அறிவித்த நெறிகளில் அத்தகைய பெயர்களையே மாற்ற நேர்ந்தது! அதே ஆண்டில் இங்கிலாந்தில் இன்னும் கடுமையான நிகழ்ச்சி நடந்தது. நோய்ப் பரிசோதனை முடிவுகளை, 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய வகை விரிதாளில் ஏற்றியதால், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமற்போயிற்று. புதிய வகை விரிதாள் 10,48,576 வரிகள் கொள்ளும். நம் கூட்டங்களுக்கு அதுவே போதும். ஆனால், பாடம் நமக்கும் உரியது: மூலத்தில் எத்தனை வரிகள், தாளில் எத்தனை வரிகள் என்று கட்டளையே எண்ணிச் சொல்ல வேண்டும், இரண்டும் ஒவ்வாவிட்டால் தாளை ஆக்காமல் நின்றுவிட வேண்டும்.

யந்திரம் அறியாதவை

இவ்வளவும் செய்தபின் ஒன்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டியது நம் கடமை. யந்திரம் எழுதுவது கருவிகளின் வருகையை. மனிதரின் வருகையை அன்று. தறிக்கூடத்தில் ஒரே கைபேசியைச் சுற்றி ஐந்து நெசவாளிகள் அமர்ந்து கேட்பது நாம் அறிந்த காட்சி. ஏட்டில் அது ஒரு வரி. மகனுடைய கைபேசியில் பேசும் தாயார் மகன் பெயரிலேயே தெரிவார். கைபேசியைத் தயாரித்த கம்பெனியின் பெயரே ஆளின் பெயராக நிற்பதும் உண்டு. இவற்றை நம்பிக் கோரத்தைத் தீர்மானித்தால், கைபேசி இல்லாத அங்கத்தினர் கணக்கிலிருந்தே நீங்கிவிடுவார். ஏழைக்கென்று எழுந்த இயக்கத்தில் ஏழையை எண்ணாமல் விடும் ஏடு எதற்கு?

இதற்குப் பரிகாரம் இரண்டு. கூட்டத்துக்கு முன்னரே பதிவு செய்யும் படிவத்தில் அங்கத்தினர் எண்ணைக் கேட்டுப் பெறுவது ஒன்று. பெயர் மாறினாலும் எண் மாறாது. மற்றொன்று, நாம் மேலே கூறிய பழைய முறை: தலைவர் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவரும் குரல் கொடுப்பது. ஒரே கைபேசியைச் சுற்றியிருப்போர் அனைவரும் அப்போது எண்ணப்படுவர். காரியதரிசி குறிக்கும் அந்தப் பட்டியலும், கட்டளை தரும் தாளும் பக்கத்தில் பக்கமாக வைக்கப்படவேண்டும். ஒன்றை ஒன்று விழுங்க விடலாகாது.

ஆட்சேபங்களும் விடைகளும்

நம் ஆட்களுக்கு இவையெல்லாம் தெரியுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார், தொடக்க விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களில் சுமார் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கணினி வந்துவிட்ட இடத்தில் அதை ஏவும் கல்வியும் வரவேண்டாமா? ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே எழுதவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நூலை ஒன்றாகக் கொள்முதல் செய்யும் நாம், கட்டளைத் தொகுப்பையும் ஒன்றாக எழுதிக்கொள்ளலாம். ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் கூடி ஒன்றை எழுதுவித்து, அதை ஒளிவுமறைவின்றி எல்லாச் சங்கங்களுக்கும் வழங்கலாம்.

ஒரு நிபுணரின் கையில் சங்கம் சிக்கிவிடாதா என்பது மற்றோர் ஆட்சேபம். இது நியாயமான அச்சம். எழுதியவர் ஒருவருக்கே விளங்கும் கட்டளை, பூட்டிய பெட்டியைவிட மேலானதன்று. ஆகவே ஒவ்வொரு படிக்கும் இது எதற்கு என்ற விளக்கம் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சங்கத்தில் குறைந்தது இருவருக்கு அதை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். விரும்பும் அங்கத்தினர் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்ற உரிமையும் இருக்க வேண்டும். ஒருமுறை எழுதி மறந்துவிடலாம் என்பதும் இல்லை. 2023-ஆம் ஆண்டில் ஜூம் நிறுவனம் அனுமதி வழங்கும் பழைய முறை ஒன்றை அடியோடு நிறுத்தியது. அம்முறையை நம்பிய கட்டளைகள் அன்றே பயனற்றுப்போயின. தறிக்கு எண்ணெய் இடுவதுபோல் இதற்கும் பராமரிப்பு உண்டு.

அங்கத்தினரின் மின்னஞ்சலும் வருகையும் அயலார் கையில் சிக்கலாகாதே என்பாரும் உளர். உண்மை. 2023-ஆம் ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. ஆகவே, நிறுவனம் தரும் சாவிக்குப் படிக்கும் அதிகாரம் மட்டும் போதும். கூட்டத்தை அமைக்கவும் அழிக்கவும் வல்ல அதிகாரம் வேண்டாம். சாவியைக் கட்டளைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பது, இரும்புப் பெட்டியின் மேலேயே அதன் சாவியைத் தொங்கவிடுவதாகும். தாளில் கூட்டத்துக்கு வேண்டிய விவரம் மட்டும் இருந்தால் போதும். கைபேசி எண்ணும் பிறவும் ஊர் முழுதும் சுற்றிவர வேண்டுவதில்லை.

குறிப்பேட்டில் ஒரு முத்திரை

கணினியில் உள்ள கோப்பைப் பிறகு யாரேனும் திருத்திவிட்டால் என் செய்வது என்பது அங்கத்தினர் மனத்தில் எழும் இறுதிக் கேள்வி. இதற்கு எளிய காப்பு ஒன்று உண்டு. எஸ்.எச்.ஏ.-256 என்னும் கணக்கீட்டை ஒரே கட்டளையால் கோப்பின்மீது நடத்தினால், 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் கிடைக்கிறது. கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த அடையாளம் முற்றிலும் மாறிவிடும். மூலக் கோப்பின் அடையாளத்தையும், விரிதாளின் அடையாளத்தையும் கூட்டம் முடிந்த அன்றே அச்சிட்டு, நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒட்டி, தலைவரும் காரியதரிசியும் அதன்மேல் கையொப்பமிடலாம். ஐந்தாண்டு சென்றபின்னும், தணிக்கையாளர் அதே கட்டளையை நடத்திப் பார்த்து இது அன்றைய கோப்புதானா என்பதை நொடியில் அறிந்துகொள்வார். புதிய யந்திரத்துக்குப் பழைய குறிப்பேடே காவல் நிற்கும் இந்த ஏற்பாடு நம் மனத்துக்கு மிகவும் உகந்ததாக இருக்கிறது.

ஆகவே நம் பிரேரணை இதுதான். இணையத்தில் கூடும் சங்கங்கள் தம் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நான்கு முடிவுகளைச் செய்யட்டும்: கூட்டம் முடிந்த அன்றே வருகை விவரத்தை இறக்கிவிடுவது, இறக்கிய மூலத்தைத் திருத்தாமல் காப்பது, அனைவரும் பார்வையிடத்தக்க ஒரே கட்டளைத் தொகுப்பால் தாள் தயாரிப்பது, அதன் அடையாளத்தைக் குறிப்பேட்டில் பதிவது. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது ஒழுங்கும் விழிப்புமே.

நிர்வாகிகள் இதைத் தம்மீது ஐயம் கொண்டு செய்யும் ஏற்பாடாக நினைக்கலாகாது. நேர்மையாக நடப்பவருக்கு நல்ல ஏட்டைவிடச் சிறந்த கவசம் வேறில்லை. அங்கத்தினர்களும், இது படித்தவர் வேலை என்று ஒதுங்கிவிடாமல், எங்கள் கூட்டத்தின் ஏடு எங்கே, அதைக் காட்டுங்கள் என்று மகாசபையில் கேட்கும் துணிவு கொள்ள வேண்டும். விளைந்த நெல்லைக் களத்திலேயே விட்டு வருவாரில்லை. நெய்த சேலையைத் தறியிலேயே விட்டுவிடுவாரும் இல்லை. கூடி எடுத்த முடிவுகளின் சாட்சியத்தை மட்டும் அயலார் களஞ்சியத்தில் விட்டு வைப்பானேன்? அதை நம் சங்கத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கக் கூட்டுறவாளர் அனைவரும் முன்வருவார்களாக.